உட்கார்வதற்காக 400 கிலோமீட்டர்!

பி.காம். படித்த மூன்று வருஷத்தில் என் மண்டையில் நிரந்தரமாகத் தங்கியது ஒரே ஒரு ஃபார்முலாதான். அடக்க விலையிலிருந்து எறிமதிப்பைக் கழி; மிச்சத்தை ஆயுட்காலத்தால் வகு. தேய்மானம்! மற்ற சமாசாரமெல்லாம் பரீட்சை ஹாலிலேயே ஆவியாகிவிட்டன. ஆனால் இந்த ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுச் சாமான்களை ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். பல பேருக்கு பிளட் பிரஷர் ஏறும்.

உதாரணமாக, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன். இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் ஓடினால் அதுவே பெரிய விஷயம். ஒரு நாளைக்கு 27 ரூபாய் தேய்கிறது. ரெண்டு டீ! நீங்கள் அதைத் தொடாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாலும் ரெண்டு டீ.

இப்போது எங்கள் விழுப்புரம் வீட்டு ஜமக்காளத்துக்கு வருவோம். 1987-ல் அப்பா தன் கல்யாணத்துக்காக பவானிக்கே போய் வாங்கி வந்தது. விலை இருநூற்றுச் சொச்சம் என்பது அப்பாவின் கணக்கு. நூற்றெண்பதுதான் என்பது அம்மாவின் கணக்கு. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் எனக்குக் காது குத்தினார்கள். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் அதில்தான் மொத்தக் குடும்பமும் படுத்தது. 2011 உலகக் கோப்பை ஃபைனலில் தோனி கடைசி சிக்ஸர் அடித்தபோது அதன் மேல் பதினான்கு பேர் ஏறிக் குதித்தோம். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் இரவல் போகும். பத்திரமாகத் திரும்பி வரும். ஒரு தடவை மட்டும் சாம்பார் வாசனையோடு வந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்ததைத் தவிர அதற்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

2022-ல் தங்கைக்குக் கல்யாணம். ‘உனக்கு என்னம்மா வேணும்?’ என்று அப்பா கேட்டதும், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று சொல்வாள் என எதிர்பார்த்தோம். “அந்த ஜமக்காளம்” என்றாள். சுருட்டி எடுத்துக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். குரோம்பேட்டை போர்ஷனில் எனக்கு மிஞ்சியது ஒரு சோபா. தவணையில் வாங்கியது. மூன்று பேர் உட்காரலாம். நாலாவது ஆள் வந்தால் அவர் விருந்தாளி அல்ல, விரோதி.

எனவே ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தேன். “ஒரு ஜமக்காளத்துக்காக நானூறு கிலோமீட்டரா? பாண்டி பஜார்ல கிடைக்காதா?” என்றாள் மனைவி. கிடைக்கும்தான். ஆனால் மாதாந்திர டார்கெட், ஆடிட்டர், மேனேஜர் இவர்களிடமிருந்து ஒரு நாள் விடுதலை பாண்டி பஜாரில் கிடைக்காதே!

விடிகாலையில் ஈரோடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு இட்லி, ஒரு காபி. காபியில் பால் பாலாகவே இருந்தது. மெட்ராஸ்வாசிகளுக்கு இது முதலில் சந்தேகமாக இருக்கும், பிறகு பழகிவிடும். அங்கிருந்து பவானிக்கு பதினைந்து கிலோமீட்டர் போல. காவிரியை ஒட்டியே பஸ் போகிறது. ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பவானி, இரண்டு ஆறுகள் சேருகிற ஊர். நீலகிரிப் பக்கமிருந்து வரும் பவானி ஆறும் காவிரியும் கூடுதுறையில் ஒன்றாகின்றன. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நதி ஒன்றும் சேருவதாக ஐதீகம். சரியாக அந்த மூக்கில் சங்கமேஸ்வரர் கோயில். அம்மன் பெயர் வேதநாயகி. வெள்ளைக்கார கலெக்டர் வில்லியம் கரோ இந்த ஊரில் தங்கியிருந்தபோது, ஒரு மழை ராத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி வந்து அவரை எழுப்பி வெளியே கூப்பிட்டாளாம். அவர் வெளியே வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். வந்தது அம்மன்தான் என்று நம்பி, 1804-ல் தந்தத்தில் செய்த கட்டில் ஒன்றைக் கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தார். இருநூறு வருஷம் தாண்டியும் அந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. தேய்மானக் கணக்கில் கலெக்டர் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்!

காவிரிக்கு அந்தப் பக்கம் குமாரபாளையம். அங்கே விசைத்தறிகளின் சத்தம். இந்தப் பக்கம் பவானியில் கைத்தறி. இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து குவிந்து, இங்கே நெசவாளர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. மெல்லிசுத் துணியில் மெஷினோடு மோத முடியாது என்று ஆனதும், இவர்கள் முரட்டு நூலுக்கு மாறினார்கள். கலர் கலராகத் தடித்த நூல், பட்டை பட்டையாகக் கோடு, பெரிய சைஸ். அப்படிப் பிறந்ததுதான் பவானி ஜமக்காளம். ஆக, இது ஆடம்பரத்துக்காக வந்த சாமான் இல்லை. பசிக்குப் பிறந்த சாமான். 2005-06-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மெயின் ரோட்டில் கடைகள் இருக்கின்றன. நான் முதலில் ஏறிய கடையில் எட்டுக்குப் பத்து அடி ஒன்றை விரித்துக் காட்டி 750 ரூபாய் என்றார்கள். தொட்டுப் பார்த்தால் கூசியது. சாயம் விரலோடு வந்தது. “பவானிதானுங்களே?” என்று கேட்டேன். “பவானியிலதானே விக்கறோம்” என்றார் கடைக்காரர். ஒரு வக்கீலால்கூட குறை சொல்ல முடியாத பதில்.

டீக்கடையில் வழி கேட்டு, ஒரு சந்துக்குள் ‘டக்... டக்...’ சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. தரையில் குழி வெட்டி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. தறியில் ஒரு பெரியவர், எழுபதைத் தொட்டிருப்பார். திண்ணையில் அவர் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. எந்த ஊருங்க?”

“மெட்ராஸ்ங்க ஐயா. எட்டுக்குப் பத்து ஒண்ணு வேணும்.”

பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அவர் பதில் பார்வை பார்த்தார். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று எனக்கு ஒரே குழப்பம்.

“நாலடி, அஞ்சடி இருக்குதுங்க. அகலமா வேணும்னா ரெண்டு ஆளு வேணுமுங்க தம்பி.”

அப்போதுதான் விஷயம் புரிந்தது. சின்ன ஜமக்காளம் ஒருத்தர் நெய்யலாம். அகலமானது என்றால் கை எட்டாது. தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் அனுப்பும் நாடாவை அவர் வாங்கி, அவர் அனுப்புவதை இவர் வாங்கி நெய்ய வேண்டும். இரண்டு பேர் காலும் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். பெரியவரோடு முப்பது வருஷத்துக்கு மேல் ஜோடியாக உட்கார்ந்தவர் இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். புது ஜோடி கிடைக்கவில்லை. மகன் பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போகிறான். ஷிஃப்ட் முடிந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அவனைக் குழிக்குள் உட்கார் என்று எந்த வாயால் சொல்வது?

“கூலி ஜமக்காளத்துக்குத்தான் கண்ணு. ஆளுக்கு இல்லை. பெருசு போட்டா ரெண்டாப் பங்கு பிரிக்கோணும். எளவட்டம் யாரு வருவாங்க?” என்றார் அந்த அம்மா.

750 ரூபாய் சரக்கைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. 1985-ல் பாராளுமன்றம் போட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யக் கூடாது. அந்தப் பட்டியலில் சேலை, வேட்டி, லுங்கியோடு ஜமக்காளமும் இருக்கிறது. நான் என் சட்ட ஞானத்தை எடுத்துவிட்டதும் அவர் சிரித்தார்.

“சட்டம் புஸ்தகத்துல இருக்குதுங்க தம்பி. சரக்கு லாரியில வருதுங்க.”

நெய்துகொண்டிருந்த துண்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பாவு நூல் வெளியே தெரியவே இல்லை. ஊடு நூல் அதை அப்படியே மூடி, அடித்து இறுக்கியிருக்கிறது. மேல் பக்கம், அடிப் பக்கம் என்று வித்தியாசமே கிடையாது. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆபீசில் சிலர் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார்களே, அந்த வேலையை இவர்கள் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகிறார்கள். ‘ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்’ என்று நாம் சொல்கிறோமே, அதைச் சொல்லிக் கேட்டேன். “அது நம்ம ஜமக்காளமா இருக்காதுங்க. இதுல தண்ணியே லேசுல எறங்காது. பொய் எங்கேருந்து எறங்கும்?” என்றார்.

எட்டுக்குப் பத்து, 3,200 ரூபாய். இரண்டு வாரம் ஆகும். திண்ணையிலிருந்து மனைவிக்கு போன் போட்டேன்.

“மூவாயிரத்து இருநூறா? அங்கேயே 750-க்குக் கிடைக்குதுன்னு இப்பதானே மெசேஜ் அனுப்பினீங்க?”

“முப்பது வருஷம் உழைக்கும். ஒரு நாளைக்கு 29 காசுதான் விழுது. செல்போன் 27 ரூபாய்.”

“முப்பது வருஷம் கழிச்சு அதுல உட்கார உங்களால முடியுமா? முட்டி மடங்குமா?”

நியாயமான கேள்வி. தேய்மானக் கணக்கு பாடப் புத்தகத்தில் முதலாளியின் முட்டிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, “சரி, சிவப்புப் பட்டை அதிகமா இருக்கட்டும். பச்சை வேண்டாம்” என்று சாங்ஷன் ஆர்டர் வந்தது.

“ஜோடிக்கு யாருங்க உட்காருவாங்க?” என்று கேட்டேன்.

“நாந்தான் உக்காரோணும்” என்றார் அந்த அம்மா, தார் சுற்றுவதை நிறுத்தாமலே. “எனக்குத் தெரியாத தறியா கண்ணு?”

பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்தேன். பாக்கியைச் சரக்கு கைக்கு வந்த பிறகு போனில் அனுப்பினால் போதும் என்றார் பெரியவர். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. எங்கள் ஆபீசில் ஒரு டஜன் பேனா வாங்கவே மூன்று கொட்டேஷன் கேட்பார்கள்.

மிச்சப் பொழுதுக்கு சென்னிமலை போனேன். திருப்பூர் குமரன் பிறந்த ஊர். பெட்ஷீட்டுக்குப் பேர் போனது. கூட்டுறவு சங்கக் கடையில் இரண்டு வாங்கினேன். நல்ல கனம், நல்ல விலை, சீக்கிரம் முடிந்த வேலை. வழியில் ஊத்துக்குளிக் கல்லைப் பற்றி பஸ்ஸில் ஒருவர் விளக்கினார். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் போகிற கல் அது. கோவை பி.சபாபதி 1955-ல் கிரைண்டரை உருவாக்காவிட்டால் நம் அம்மாக்களின் தோள்பட்டை என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னபோது பஸ்ஸே மௌனம் அனுசரித்தது. (இட்லியின் பெருமை பேச ஆயிரம் பேர் உண்டு. ஆட்டியவரைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.)

இரண்டு வாரம் என்றது மூன்றானது. பார்சலைப் பிரித்ததும் பச்சை நூல் வாசனை. சிவப்புப் பட்டைகள், கறுப்பு ஓரம். ஹாலில் விரித்தால் சுவரிலிருந்து சுவர்வரை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சகாக்கள் ஒன்பது பேர் வந்தார்கள். சோபாவில் யாரும் உட்காரவில்லை. அதன் மேல் ஹெல்மெட்டுகள் உட்கார்ந்திருந்தன. அப்பா விழுப்புரத்திலிருந்து வந்து, ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “பவானிதான்” என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். பிறகு ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கிவிட்டார்.

உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஊடு கொஞ்சம் தளர்ந்து, கோடு மெலிதாக வளைந்திருக்கும். பெரியவரும் அந்த அம்மாவும் தாளம் பழகிய இடம் அது என்று நினைக்கிறேன். மனைவி அதைக் குறை என்று சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்த இடத்தைத்தான் முதலில் காட்டுகிறாள்.

போன மாதம் என் செக்‌ஷன் நண்பர் ஒருவர் தனக்கும் அதே சைஸில் ஒன்று வேண்டும் என்றார். பெரியவருக்கு போன் போட்டேன்.

“நாலடின்னா நாளைக்கே பார்சல் போட்டுடறனுங்க தம்பி. பத்தடி...” என்று இழுத்தார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது, ஒற்றைத் தறி. “அவளுக்கு இப்ப மொழங்கால் வலிங்க. குழியில எறங்க முடியறதில்லை. ஆடி போகட்டும், கேட்டுச் சொல்றேன்னு உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். காத்திருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.