முத்துப் பற்பமும் சுருக்குப்பையும்

வார்டில் புதிதாகச் சேரும் இதய நோயாளியிடம் நான் முதலில் கேட்பது வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையைத்தான். மணப்பாடு பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியின் மஞ்சப்பையைப் பிரித்தபோது டிகாக்சின், பிரஷர் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே சின்னப் புட்டி ஒன்று கிடந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. "அது முத்துப் பற்பம் சிஸ்டர். அம்மாவுக்கு நெஞ்சு படபடப்புன்னு வாங்கினோம்" என்றார் மகள்.

டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் கூடவே வேறு எதைச் சாப்பிட்டாலும் நாங்கள் விசாரித்தாக வேண்டும். குணம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான இதய மருந்து அது. ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணி, 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்வது எங்களுக்கு முதலில் கற்றுத்தரப்பட்ட பாடங்களில் ஒன்று. பற்பத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முத்துக்கும் நெஞ்சுக்கும் யார் முடிச்சுப் போட்டது என்ற கேள்வி என்னை விடவில்லை. பாண்டியர் காலத்துக் கொற்கையிலிருந்து 1961இல் நடந்த கடைசிச் சலாபம் எனும் முத்துக்குளிப்பு வரை முத்தெடுத்த கடற்கரை இது. பதில் இங்கேயே கிடைக்கும் என்று நினைத்துத்தான் தேடத் தொடங்கினேன்.

சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் உண்டு, ஆயுர்வேதத்திலும் உண்டு. இதயத்தோடு அதை ஆணித்தரமாக இணைத்த ஒரு நூலைத் தேடிப் போனபோது நான் வந்து நின்ற இடம் பாரசீகம். 1037இல் இறந்த இப்னு சினா இதய மருந்துகளுக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். அதில் முத்துக்கும் இடம் இருக்கிறது. மகிழ்ச்சியும் அச்சமும் இதயத்தோடு பிணைந்தவை, மனத்தை மலரச் செய்யும் பொருள் இதயத்துக்கும் வலுவூட்டும் என்பது அவர் கொள்கை. அந்த நூலை வில்லனோவாவின் அர்னால்டு லத்தீனுக்குக் கொண்டுபோனார். யுனானி மருத்துவர்கள் இன்றும் இதயத்துக்குத் தரும் கமீரா மர்வாரீத் என்ற லேகியத்தின் முதன்மைச் சரக்கு முத்துதான். இப்னு சினா கையாண்ட முத்து எங்கள் கடலின் முத்துப் பார்களில் விளைந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பாரசீக வளைகுடாவிலும் முத்து குளித்தார்கள். ஆனாலும் மார்க்கோ போலோ பார்த்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின, முத்து கப்பல் ஏறியது. சரக்கு போய்வந்த வழியில் மருந்தறிவும் போய்வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பெரிய முத்து கழுத்துக்குப் போயிற்று. மருந்துக்குப் போனது எது? விடை சலாப வியாபாரிகளின் தரம் பிரிக்கும் முறையில் இருந்தது. துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக மாற்றி முத்துகளைச் சலிப்பார்கள். ஆணி முத்தில் தொடங்கும் தரவரிசையின் கடைசிப் பெயர் தூள். கோக்க முடியாத அந்தப் பொடி முத்துகள் மருந்துக்கு விலைபோயின. பழைய சலாபக் குறிப்புகளில் இன்னொன்றும் இருந்தது: செல்வர்கள் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு போட்டுக்கொண்டார்கள். அதைப் படித்த இடத்தில் என் தேடல் வேறு பக்கம் திரும்பியது.

முத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கால்சியம் கார்பனேட். கால்சியத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை ஆய்வகத்தில் காட்டியவர் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். நாங்கள் நாள்தோறும் தொங்கவிடும் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் இருக்கும் அதே ரிங்கர். 1882இல் உப்புநீரில் வைத்த தவளை இதயம் அவரிடம் நெடுநேரம் துடித்தது. உதவியாளர் வடிநீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தியது பிறகுதான் தெரிந்தது. வடிநீரில் கரைத்த உப்பில் இதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிக்க வைத்தது என்று அடுத்த ஆண்டு எழுதினார். டிகாக்சினும் கடைசியில் கால்சியத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. இதயத் தசையின் சோடியம் பம்பை அது தடுக்கிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. தசை வலுவாகச் சுருங்குகிறது. ரத்தத்திலும் கால்சியம் ஏறினால் டிகாக்சினின் நச்சுத்தன்மைக்கு வழி திறக்கும். பொட்டாசியம் குறைந்தாலும் அப்படியே.

அப்படியானால் பற்பம் ஆபத்தா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் கால்சியம் 40 மில்லிகிராமைத் தாண்டாது. ஒரு டம்ளர் பாலில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கிறது. கால்சியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பற்பத்தைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அதை நம்பி நீர் போகும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

பயப்பட வேண்டியது ஆச்சியின் இடுப்பில் இருந்த சுருக்குப்பைக்குள் இருந்தது. பாக்கு, புகையிலை, சிப்பிச் சுண்ணாம்பு டப்பா. முத்தைச் சுட்ட செல்வர்களின் சுண்ணாம்பும் சிப்பி ஓட்டைக் காளவாசலில் சுட்ட ஏழைகளின் சுண்ணாம்பும் வேதியியலில் ஒன்றே. ஆனால் பற்பத்தை அரிசியெடை பார்த்துக் கொடுக்கிறோம். சுண்ணாம்பை ஆட்காட்டி விரலால் வழித்து, விடிந்ததிலிருந்து படுக்கும் வரை எத்தனை முறை என்று கணக்கில்லாமல் தடவிக்கொள்கிறோம். வெற்றிலைச் சுண்ணாம்பால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் தளர்ந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கால்சியமும் காரமும் சேர்ந்து செய்யும் கேடு அது.

இந்த இடத்தில் எந்த நீர் மாத்திரை என்பது முக்கியமாகிறது. லாசிக்ஸ் கால்சியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். 1950களின் இறுதியில் வந்து பாதரச ஊசிகளை ஓரங்கட்டிய தயசைடு வகை, கால்சியத்தை வெளியே விடாமல் உடம்பிலேயே நிறுத்தும். பொட்டாசியத்தை இழக்கச் செய்வதில் மட்டும் இரண்டும் ஒன்று. பிரஷர் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று தனியாக ஓர் எழுத்து இருந்தால் பெரும்பாலும் உள்ளே தயசைடும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆச்சியின் அட்டையில் அந்த எழுத்து இருந்தது. டிகாக்சின், தயசைடு, நாளெல்லாம் சுண்ணாம்பு. மூன்றையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். பொட்டாசியத்தோடு கால்சியத்தையும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்.

வாந்தி, சோர்வு, மலச்சிக்கல், தாகம் என்று கால்சியம் ஏறியதன் அறிகுறிகள் எல்லாம் வயதானவர்களுக்கு வழக்கமாக வருவதைப் போலவே இருக்கும். குமட்டல் டிகாக்சின் மிஞ்சினாலும் வரும். எனவே பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான். "ஆச்சி, வெத்தலை போடுவீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? சுண்ணாம்பு எவ்வளவு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டாமல் கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலைப் பழக்கவழக்கங்கள் என்ற கட்டத்தில் எழுதக் கூடாது. மருந்துகள் என்ற கட்டத்தில், டிகாக்சினுக்கு அடுத்த வரியில் எழுத வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டர் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.