நம்ம ஊர்ல ஆடுறாங்க, நமக்கு ஏன் காட்டமாட்டேங்குறாங்க?

பத்து நாளாகப் பதிவு எதுவும் போடவில்லை, உடம்பு சரியில்லையா சார் என்று மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். அரியூர் நாட்டில் பனி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மனதில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியண்ணனைப் பலருக்குத் தெரியும். மிளகுக்கொடி ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். இப்போது கண்ணிலும் புரை. அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் ஹாக்கி. மலையில் பிறந்த மனுஷனுக்கு ஹாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ரேடியோவிலிருந்து வந்தது.

1975 மார்ச் 15. நான் சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கியவர், என்னைப் பார்க்க வந்தார். ஒரு மளிகைக் கடை வாசலில் கூட்டம். கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். வர்ணனை இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சொல் புரியாது. ஆனால் குரல் ஏறினால் பந்து முன்னால் போகிறது, இறங்கினால் பறிபோய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டே கேட்டோம். அசோக் குமார் என்ற பெயரைச் சொல்லி அந்தக் குரல் உடைந்தபோது கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து குதித்தார். 2-1. அந்த அசோக் குமார் தியான் சந்தின் மகன் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இந்தியா ஆண்கள் உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரே தடவைதான். அதை இலவசமாகக் கேட்டோம். கடைக்காரர் ஒரு கடலை மிட்டாய் கூட வாங்கச் சொல்லவில்லை.

அந்தக் குரல்தான் பின்னால் என்னை உங்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்க வைத்தது. வளைந்த கொய்யாக் கிளையை வெட்டிச் செதுக்கி மட்டை செய்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளி மைதானம் சரிவு. பந்து காப்பித் தோட்டத்துக்குள் உருண்டால் அடித்தவனே போய் எடுத்து வரவேண்டும் என்பது நம் விதி. அதனாலேயே நம் பிள்ளைகள் மெதுவாகத் தள்ளி ஆடக் கற்றுக்கொண்டார்கள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. எங்கே? சென்னையிலும் மதுரையிலும். 24 நாடுகள். இந்தியாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் நம் பக்கத்துக் கேரளத்து ஸ்ரீஜேஷ். அண்ணனுக்குச் செய்தி தெரிந்த நாளிலிருந்து தூக்கமில்லை. "மருதையில இந்தியா ஆடுதாம்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் வீட்டில் இருப்பது மாதம் கட்டும் டிஷ், அதில் சின்ன பேக். உரிமை வாங்கிய சேனல் அந்தப் பேக்கில் இல்லை. செயலியில் பார்க்கலாம் என்றார்கள், அதற்கும் சந்தா. சந்தா கட்டினாலும் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். சென்னையில் இருக்கும் மருமகன் போனில் சொன்னான்: "மாமா, இங்க ஸ்டேடியத்துக்குள்ள போக டிக்கெட்டே இலவசம்." மைதானத்துக்குப் போகிறவனுக்கு இலவசம், வீட்டில் கிடக்கிறவனுக்குக் காசு. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சென்னை போக அண்ணனால் முடியாது.

அப்போதுதான் அவர் கேட்டார். "தம்பி, நம்ம ஊர்லதானே ஆடுறாங்க. நமக்கு ஏன் காட்டமாட்டேங்குறாங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிறகு தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கு. காற்றலைகள் பொதுச் சொத்து, அரசு மட்டுமே அதை வைத்துக்கொள்ள முடியாது என்றது. நல்லதுதான். அதன் பிறகு தனியார் சேனல்கள் வளர்ந்தன, போட்டிகளின் உரிமையை ஏலம் எடுத்தன. எடுத்தவர் மட்டும்தான் காட்டலாம் என்றானது. அப்போது ஏழை வீட்டில் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. 2007-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டி என்று அரசு அறிவித்தால், உரிமை வாங்கியவர் அந்த ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் டிவிக்கு 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. ரேடியோவுக்குச் சரிபாதி.

ஒலிம்பிக் அப்படித்தான் நமக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 காலை, டோக்கியோ. ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று வென்று, 41 வருஷம் கழித்து ஒரு பதக்கம். உரிமை சோனியிடம் இருந்தது, தூர்தர்ஷனும் காட்டியது. கடைசி நொடிகளில் ஸ்ரீஜேஷ் அந்தப் பந்தைத் தடுத்தபோது அண்ணன் எழ முடியாத காலோடு எழுந்து நின்றார்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு முடிச்சு. 2017-ல் உச்ச நீதிமன்றம், பகிர்ந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியாக அது போகக்கூடாது என்று சொல்லிவிட்டது. தரைவழி அனலாக் கோபுரங்களையும் பிறகு படிப்படியாக நிறுத்தினார்கள். ஆக, மாதாமாதம் பணம் கட்டுகிற என் வீட்டில் வராது, காசே கட்டாத இலவச டிஷ் வீட்டில் வரும். எனக்கே சிரிப்பு வந்தது.

சேனல்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நான் வாத்தியார், இரண்டு பக்கமும் கேட்டுத்தான் மதிப்பெண் போடுவேன். மைதானத்தில் கேமராக்கள், வர்ணனையாளர்கள், செயற்கைக்கோள் வாடகை, எல்லாம் அவர்கள் செலவு. அதே ஆட்டம் இன்னொரு இடத்தில் சும்மா கிடைத்தால் இவர்களுக்கு யார் சந்தா கட்டுவார்? விளம்பரம் யார் கொடுப்பார்? அந்த உரிமைப் பணம்தான் விளையாட்டுச் சங்கத்துக்கும் போகிறது. பணமில்லாமல் செயற்கைப் புல் போட முடியாது.

ஆனால் என் மனதுக்குப் படுவது வேறு. கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஒரே தராசில் நிற்காது. ஐபிஎல் ஐந்து வருஷ உரிமை, 2023 முதல் 2027 வரை, 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதைப் பூட்டி வைத்தாலும் சாவி வாங்க ஆள் இருக்கிறது. ஏனென்றால் கிரிக்கெட்டை எல்லாரும் ஏற்கெனவே பார்த்து வளர்ந்துவிட்டார்கள். ஹாக்கி அப்படியா? 2018 முதல் இந்திய அணிகளுக்குப் புரவலராக நிற்பது ஒடிசா அரசு. சென்னையிலும் மதுரையிலும் நம் மாநில அரசு செலவு செய்தது. மக்கள் பணத்தில் நடக்கும் ஆட்டத்தைக் காசு கட்டியவன் மட்டும் பார்ப்பது என்பது, கோயில் திருவிழாவுக்கு ஊரே வரி கொடுத்துவிட்டுத் தேரை மதிலுக்குள் இழுப்பது போல.

இதில் சேனலுக்கும் நஷ்டம் உண்டு. ஹாக்கியைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள் என் அண்ணனைப் போன்ற கிழவர்கள். புதுப் பிள்ளை ஹாக்கியைத் தேடமாட்டான். சேனலை மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டு, இரண்டு நிமிஷம் நின்று, பிறகு விடமாட்டான். அந்தத் தற்செயலை அடைத்துவிட்டால் இருபது வருஷம் கழித்து யாரிடம் சந்தா கேட்பார்கள்? கோவில்பட்டியில் பிள்ளைகள் மட்டை பிடிப்பது பக்கத்து மைதானத்தில் பார்த்ததால். அரியலூர் கார்த்தி செல்வம் இந்தியச் சட்டை போட்டதை மலையில் ஒரு பையன் பார்த்தால்தானே நாமும் போகலாம் என்று நினைப்பான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கைத் தூர்தர்ஷனும் காட்டியது, சோனியும் காட்டியது. இரண்டு பேர் காட்டியதால் யாரும் கெட்டுப்போகவில்லை. இங்கிலாந்தில் ஒலிம்பிக், கால்பந்து உலகக் கோப்பை போன்றவற்றை எல்லாரும் பார்க்கும் இலவசச் சேனலுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். நம் பட்டியலில் பெரியவர்கள் ஆடும் பெரிய போட்டிகள் இருக்கின்றன. நம் மண்ணில் நடக்கும் ஜூனியர் போட்டிகளுக்கும் அங்கே இடம் கொடுத்தால் என்ன?

சரி, அண்ணன் கதையை முடிக்கிறேன்.

10-ஆம் தேதி வெண்கலப் பதக்க ஆட்டம், அர்ஜென்டினாவோடு. திருப்பூரில் வேலை செய்யும் நம் பழைய மாணவன் ஒருவன் விஷயம் கேள்விப்பட்டு, "சார், நான் சந்தா கட்டி விடறேன், நீங்க பாருங்க" என்று என் போனில் போட்டுக் கொடுத்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். டவர் கிடைக்கும் பாறை உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் அண்ணனைப் பிடித்து மெதுவாக அங்கே கூட்டி வந்தார்கள். மாலை ஐந்தரை மணி, கம்பளியைப் போர்த்தி உட்கார வைத்தோம்.

அவ்வளவு பாடுபட்டும், உள்ளங்கை அகலப் படத்தில் பந்து எங்கே என்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "நீ சொல்லு" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். இந்தியா 0-2. படம் நிற்கும், சுற்றும், மறுபடி ஓடும். கடைசி கால் மணி நேரத்தில் அங்கித் பால் ஒன்று, மன்மீத் சிங் ஒன்று. நான் சொல்லி முடிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் சென்னை மருமகன் அடுத்த கோலையும் போட்டுவிட்டான்! சாரதானந்த் திவாரி, பிறகு அன்மோல் எக்கா. 4-2. என் குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சேந்தமங்கலத்துக் கடை மாதிரியே இருக்குடா. ஆனா அன்னைக்கு அம்பது பேர் இருந்தோம்."

அந்த அம்பது பேர்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. பாறையில் நாங்கள் ஐந்து பேர்தான்.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பெரியவர்கள் உலகக் கோப்பை. ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்று இந்தியா தகுதி பெற்றிருக்கிறது. சட்டப் பட்டியலை நம்பி, அண்ணன் வீட்டில் இலவச டிஷ் பெட்டி ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். மாதக் கட்டணம் கிடையாது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் அந்தச் சமயம் மலைக்கு வந்தால், உங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பலாப்பழம் முடிந்திருக்கும். காப்பி இருக்கும். திண்ணையில் அம்பது பேருக்கு இடமும் இருக்கும்.

வர முடியாதவர்கள், எங்கே இருந்தாலும், ஹாக்கி ஆட்டம் கண்ணில் பட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் காட்டுங்கள். கொய்யா மட்டை செய்யத் தெரிந்தவர்கள் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்கள்.