காத்திருந்தவனின் கணக்கு

2000ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 'வூடூ' இசைத்தொகுப்பை நண்பர் ஒருவர் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தார். முதல்முறை கேட்டபோது ஏமாற்றமாகவே இருந்தது. சொற்கள் தெளிவாக இல்லை. தாளம் சற்றுப் பின்தங்கி, குடித்தவனின் நடைபோலத் தள்ளாடியது. பத்து நாட்கள் கழித்து ஓர் இரவில் தனியாகக் கேட்டபோதுதான் அந்தத் தள்ளாட்டத்துக்குள் எத்தனை கட்டுப்பாடு இருக்கிறது என்பது பிடிபட்டது. அன்றுமுதல் டி'ஏஞ்சலோவின் அடுத்த தொகுப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மைக்கேல் யூஜின் ஆர்ச்சர் என்பது அவரது இயற்பெயர். 1974இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரில், பெந்தெகொஸ்தே போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தேவாலயத்தில் வாசித்து வளர்ந்தவர். கறுப்பின மக்களின் ஆலயப் பாடலும் உலகியல் காதலும் ஒரே குரலில் கலந்ததுதான் சோல் இசை என்றால், அந்தக் கலப்பு அவருக்கு வீட்டிலேயே வாய்த்திருந்தது. 1995இல் வந்த 'பிரவுன் சுகர்' அவரைப் பரவலாக அறியச் செய்தது. 'வூடூ' அவரை ஒரு தலைமுறையின் குரலாக்கியது.

கூடவே ஒரு காணொளி அவரை விழுங்கவும் செய்தது. மேலாடையின்றிக் காமிராவின் முன் நின்று பாடுகிறார், அவ்வளவுதான் காட்சி. அதன்பின் கச்சேரிகளில் பாட்டுக்கு நடுவே சட்டையைக் கழற்றச் சொல்லிக் கூட்டம் கூச்சலிட்டது. பல ஆண்டுகள் உழைத்த இசையைக் கேட்க வந்தவர்கள் உடலைக் கேட்டார்கள். சுற்றுப்பயணம் முடிந்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார். பிறகு குடி, போதை, 2005இல் மோசமான ஒரு கார் விபத்து.

நானும் நண்பரும் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒற்றை வரியில் மின்னஞ்சல் எழுதிக்கொள்வோம்: 'இந்த வருடமாவது வருமா?' 2009இல் ஒரு பண விஷயத்தில் எங்களுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டது. அந்த வரியும் நின்றுபோனது. தவறு என் பக்கம்தான் என்பது தெரிந்தும் நான் எழுதவில்லை.

2014 டிசம்பர் 15 அன்று, ஏறக்குறைய முன்னறிவிப்பே இல்லாமல், 'பிளாக் மெசையா' வெளியானது. அடுத்த ஆண்டு வரவேண்டியது. கறுப்பின மனிதர்களைக் கொன்ற போலீஸ்காரர்கள்மேல் வழக்கே வேண்டாம் என்று ஃபெர்குசனிலும் நியூயார்க்கிலும் முடிவானபோது, இப்போதே பேசியாக வேண்டும் என்று அவர் அதை முன்கூட்டியே கொண்டுவந்தார். அன்று மாலை நண்பரிடமிருந்து மின்னஞ்சல்: 'வந்துவிட்டது. கேட்டீர்களா?'

ஐந்தாண்டு மௌனத்தை அந்த மனிதர் இரண்டு சொற்களில் கடந்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இசை கேட்கும்போது வேறொரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருடமாக 'எங்கே அடுத்தது, எங்கே அடுத்தது' என்று முனகிக்கொண்டிருந்தேனே, சட்டையைக் கழற்றச் சொன்ன கூட்டத்துக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்? அவர்கள் உடலைக் கேட்டார்கள், நான் பாட்டைக் கேட்டேன். கொடுக்கிற மனிதன் நலமாக இருக்கிறானா என்று இருவருமே கேட்கவில்லை.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. 'பிளாக் மெசையா'வுக்குப் பிறகும் காத்திருந்தோம். புத்தாண்டு மின்னஞ்சல்கள் மீண்டும் தொடங்கின. 2025 அக்டோபர் 14 அன்று, 51ஆம் வயதில், கணையப் புற்றுநோயால் டி'ஏஞ்சலோ இறந்தார். நான்காவது தொகுப்பு அவர் காலத்தில் வரவில்லை. 30 ஆண்டுகளில் மூன்றே மூன்று.

அன்று இரவு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். இம்முறை நானே முதலில் அழைத்தேன். வெகுநேரம் பேசினோம். வைப்பதற்கு முன், 2009இல் சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னணியில், தள்ளாடும் அந்தத் தாளம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.