ஒத்தி எடு

வீட்டை விற்பதென்று முடிவானதும் முதலில் வந்தது எஸ்டேட் ஏஜென்ட். இருபத்தைந்து வயது இருக்கும் பையன். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு முன்னறைக்குள் வந்தவன், நின்ற இடத்திலிருந்தே தரையைப் பார்த்தான். சாப்பாட்டு மேசைக்குக் கீழே மஞ்சள். ஜன்னலோரம் கையகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு, அதற்குள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் கறுப்பு வளையம். அவன் மூக்கு லேசாகச் சுருங்கியதையும் பார்த்தேன்.

மரியாதையாகத்தான் பேசினான். குடும்பப் படங்களை இறக்கிவிடுங்கள், வருகிறவர்கள் இதைத் தங்கள் வீடாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்றான். சாமி அலமாரிக்கு ஒரு திரை போடலாம் என்றான். ஆட்கள் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தாளிக்க வேண்டாம். கார்ப்பெட்டைச் சுத்தம் செய்துவிடுங்கள், போகாத கறை இருந்தால் மேலே ஒரு பூந்தொட்டியை வைத்துவிடுங்கள்.

நான் தலையாட்டிக்கொண்டேன். பூந்தொட்டி மட்டும் உறுத்தியது.

நான் மாதனூர்க்காரி. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. என் நைனாவுக்கு இன்னும் அது வேலூர் ஜில்லாதான். கொஞ்சம் அசந்தால் வட ஆற்காடு என்பார். அவர் பதினான்கு வயதில் தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போய், மேஸ்திரியாகி, அறுபதில் ஓய்ந்தவர். அவர் சட்டையில் ஒரு வாடை எப்போதும் இருக்கும். ரயில் ஆம்பூரை நெருங்கும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா நைனாவின் சட்டைகளை எல்லாம் ஒரு கோணிப்பையில் திணித்துப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, காலையிலிருந்து சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டை ஆயத்தம் செய்வது என்றால் என்ன என்று எனக்கு அன்றே தெரியும்.

அன்று வந்த மாப்பிள்ளை சென்னை ஏ.சி. டெக்கில் தோல் தொழில்நுட்பம் படித்தவர். வாடையை அவர் பொருட்படுத்தவே இல்லை. 2001இல் அவர் வேலை எங்களை நார்த்தாம்ப்டனுக்குக் கொண்டுவந்தது. இது இங்கிலாந்தின் செருப்பு ஊர். பல தலைமுறையாகத் தோல் ஷூ செய்யும் பட்டறைகள் இன்னும் இயங்குகின்றன. லண்டன் பெர்மண்ட்சியில் இருந்த தோல் கல்லூரி 1970களின் கடைசியில் இங்கேதான் இடம்பெயர்ந்தது. ஊர்க் கால்பந்து அணியின் பட்டப்பெயரே ‘செருப்பு தைப்பவர்கள்’தான். சனிக்கிழமை மைதானத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நம் பக்கம் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி ஒருவரை எவ்வளவு தாழ்த்தினார்கள் என்று அறிந்தவளுக்கு அதை முதல் தடவை கேட்டபோது தொண்டை அடைத்தது.

கார்ப்பெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தரை சிவப்புச் சிமெண்ட். வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினால் போயிற்று. பவானி ஜமக்காளம் என்றால் ஆற்றுக்கு எடுத்துப் போய் அலசி மணலில் உலர்த்தலாம். இங்கே கார்ப்பெட் சுவரிலிருந்து சுவர்வரை, மாடிப்படி உட்பட, ஓரத்தில் முள்கட்டை அடித்து இழுத்துப் பதித்தது. எடுத்து அலச முடியாது. எங்கள் முன்னறையில் இருந்தது நூற்றுக்கு எண்பது கம்பளி, இருபது நைலான். வீட்டை வாங்குகிறவருக்கே அது போய்ச் சேரும். விற்கிறவர் நிரப்ப வேண்டிய படிவங்களில் ஒன்று, எதை விட்டுப்போகிறோம், எதை எடுத்துப்போகிறோம் என்பதற்கானது. கூடத்துக் கார்ப்பெட், படிக்கட்டுக் கார்ப்பெட், முதல் படுக்கையறைக் கார்ப்பெட் என்று வரிவரியாக டிக் அடிக்க வேண்டும். இன்னொரு படிவம் அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா, வெள்ளம் வந்ததுண்டா என்றெல்லாம் கேட்கும். அதில் பொய் எழுதினால் பின்னால் வழக்கு வரும். கறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கண்ணால் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் ஒரு கடையில் கழுவும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்தேன். வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் இயந்திரம். ஆசை மிகுதியில் நாலு தடவை ஓட்டினேன். மாலையில் அறை பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை பழுப்புத் திட்டு முன்பைவிட அகலமாகத் திரும்பி வந்திருந்தது. அடியில் இருப்பது சணல். அது ஊறி, காயும்போது தன் சாயத்தையும் உள்ளே இறங்கியிருந்த கறையையும் இழையின் நுனிக்கு ஏற்றிவிட்டது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி.

மேசைக்குக் கீழே இருந்த மஞ்சள், ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய் கவிழ்ந்ததால் வந்தது. அதன்மேல் வாஷிங் சோடா கலந்த தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். கண்ணெதிரே மஞ்சள் சிவப்பானது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் திரும்புமே, அதே சிவப்பு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று பிள்ளைகளுக்குக் காகிதத்தில் காட்டியும் இருக்கிறேன். என் வீட்டுத் தரையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ராத்திரி நைனாவை வீடியோவில் கூப்பிட்டேன். கைப்பேசியைத் தரைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார்.

“இது இன்னா, நைலானா, கம்பளியா?”

“கம்பளிதான் நைனா.”

“அப்போ ஆட்டு மயிருதானே. தோல்ல மயிர எடுக்கணும்னா நாங்க இன்னாத்துல போடுவோம்?”

“சுண்ணாம்புத் தொட்டியில.”

“தெரியுது இல்ல? அப்புறம் சோடாவப் போட்டுத் தேய்ச்சிகினு கீற. மயிருக்குக் காரம் ஆவாது. புளிப்பு தாங்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்தாறு வருஷத்து வேலை அந்த நாலு வார்த்தைக்குள் இருந்தது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த நீரில் போட்டால் முடி கூழாகிக் கழன்றுவிடும். கம்பளிக்கு ப்ளீச்சும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து தொட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. அந்த மஞ்சளுக்கு வெயில் போதும் என்றார். மஞ்சளில் நனைத்த துணியை நிழலில் காயப்போடுவதன் காரணம் அதுதானே. மேசையை நகர்த்தித் திரைச்சீலையை விலக்கிவைத்தேன். மே மாதத்து இங்கிலாந்து வெயில் நம் ஊர்க் காலை ஆறரை மணி வெயிலுக்குச் சமம். ஆனாலும் மூன்று வாரத்தில் அது மஞ்சளைக் குடித்துவிட்டது.

ஜன்னலோரத்துப் பழுப்பு தேநீர். “டீத்தண்ணின்னா பட்டத்தண்ணிதான்” என்றார் நைனா. அவர் வேலைக்குச் சேர்ந்த 1960களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில்தான் தோல் பதமாகும். குரோம் வந்து ஊரை நிறைத்தது அதற்குப் பிறகு. பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் தேயிலையிலும் இருப்பது. தோலைப் பிடிப்பதுபோலவே கம்பளியையும் பிடித்துக்கொள்ளும். காரம் பட்டால் கறுக்கும், புளிப்புப் பட்டால் வெளுக்கும். கட்டன் தேநீரில் எலுமிச்சை பிழிந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

“தேய்க்காத கண்ணு. தேய்ச்சா உள்ள எறங்கும். வெள்ளத்துணி வெச்சி ஒத்தி எடு. ஓரத்துலருந்து நடுவுக்கு வா.”

வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? இங்கே எல்லாத் துணியிலும் சாயம் இருக்கிறது. பெட்டியில் நைனாவின் பழைய வேட்டி ஒன்று கிடைத்தது. 2012இல் மூன்று மாதம் எங்களோடு வந்து இருந்தபோது விட்டுப்போனது. அதைக் கிழித்து நாலாக மடித்து, வினிகர் தொட்டு, அழுத்தி, எடுத்தேன். துணியில் வெளிர்ப் பழுப்பு ஏறியது. மடிப்பை மாற்றி மறுபடி. ஒரு மாலைக்கு அரைமணி நேரம், ஐந்து மாலைகள். வேட்டி பழுப்பாகிக்கொண்டே வர, தரை வெளுத்துக்கொண்டே வந்தது.

கறுப்பு வளையம் மட்டும் அசையவில்லை. அதைக் காட்டியதும் நைனா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இரும்பு பட்டுகீது” என்றார். பட்டைக்குழிப் பக்கம் இரும்பு வாளியைக்கூட விடமாட்டார்களாம், ஒரு ஆணி விழுந்தாலும் தோலில் கறுப்பு பூக்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுத மை செய்தார்கள். அதே மைதான் என் கார்ப்பெட்டில்.

“அந்தப் பூந்தொட்டி ஸ்டாண்டுதான் கண்ணு. டீயக் கொட்டினது நான்தான். உன் வீட்ல முத முத வந்து கொட்டிட்டோமேன்னு வெக்கமாப் போச்சி. ஈரத்தோட அத்த இழுத்து மேல வெச்சிட்டேன்.”

பதினோரு வருஷம் கழித்துச் சொன்னார். அந்தப் பூந்தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவள் நான்தான்.

இதைச் சொன்னவர் யார் என்பதுதான் என்னை அன்று தூங்கவிடவில்லை. ஏனென்றால் விற்கிற பொருளின் குறையை மறைக்காதவர் என்று நான் ஒருவரைக் காட்ட வேண்டுமானால் அவரைத்தான் காட்டுவேன். எங்களுக்குப் பாலாற்றங்கரையில் இரண்டு ஏக்கர் இருந்தது. தாத்தா காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த மண். நான் பள்ளிக்கூடம் போன நாளிலேயே கிணற்று நீர் உப்பாகிவிட்டது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அப்புகிற உப்பு, டேனரியில் முதல் நாள் ஊறவைக்கும்போது அத்தனையும் கழன்று வெளியே போகும். பிறகு சுண்ணாம்பு, பிறகு குரோமியம். எல்லாம் ஓடைக்கும் ஆற்றுக்கும் போய் மண்ணுக்குள் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றப்பட்டது இந்த வழக்கில்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறார்கள்.

எங்கள் பக்கம் நிலம் வாங்க வருகிறவர் பத்திரம் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பார். தரகர்கள் அதற்கு வழி வைத்திருந்தார்கள். மழை பெய்த மறுவாரம் ஆளைக் கூட்டிவருவார்கள், அல்லது வெயிலில் இளநீர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். தம்பி படிப்புக்காக நிலத்தை விற்க நினைத்தபோது நைனாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வந்தவர்களை நேராகக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், தானே சேந்தி, சொம்பை நீட்டினார். “மொதல்ல குடிங்க, அப்பறம் வெல பேசலாம்.” ஒருவர் துப்பினார். ஒருவர் விழுங்கிவிட்டு, சொம்பைக் கீழே வைத்துக் கும்பிட்டுப் போனார். எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று அம்மா கணக்கு வைத்திருந்தாள். கடைசியில் ரோட்டோரத்து அரை ஏக்கரைத் தண்ணீர் தேவைப்படாத ஒருவர், லாரி நிறுத்துவதற்கு வாங்கினார். மிச்சம் கிடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி, மாதனூரிலிருந்து குடியாத்தம் பக்கம் போகும் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, கிணற்று நீர் கொஞ்சம் இனித்தது என்று போன் செய்தார். குரலில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். தன் கூலி எந்தத் தொழிலிலிருந்து வந்ததோ அதுவே தன் கிணற்றையும் கெடுத்தது என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொம்பை நீட்டியதுதான் அவர் சொன்னது.

வளையத்துக்கு ஆக்ஸாலிக் அமிலம் என்றார். தோலில் இரும்புக் கறை பட்டால் அவர்கள் போடுவது அதுதான். இங்கே மரத்தை வெளுக்கும் தூளாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. விஷம். கையுறை போட்டு, முதலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, மெல்லிய கரைசலாகத் தொட்டுவைத்து, பத்து நிமிடத்தில் குளிர்ந்த நீரால் ஒத்தி எடுத்தேன். கறுப்பு சாம்பலானது. இரண்டாம் தடவையில் இன்னும் கொஞ்சம். அதற்குமேல் இழை தாங்காது என்று நிறுத்திவிட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும் ஒரு சாம்பல் கோடு மிஞ்சியது.

பூந்தொட்டியை ஏஜென்ட் மறுபடி நினைவுபடுத்தினான். வேண்டாம் என்றேன். சாமி அலமாரிக்கும் திரை போடவில்லை. ஒரே ஒரு குடும்பப் படத்தை இறக்கவில்லை, அதில் நைனா அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். தாளிப்பதை மட்டும் நிறுத்தினேன். இரண்டு நாள் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

ஏழு குடும்பங்கள் வந்தன. ஏழாவதாக வந்த பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையை இறக்கிவிட்டதும் அது தவழ்ந்து நேரே ஜன்னலுக்குப் போய் வளையத்தின் மேல் உட்கார்ந்தது. நான் குனிந்து, அங்கே ஒரு தேநீர்க் கறை இருந்தது, என் அப்பா கொட்டியது, முழுசாகப் போகவில்லை என்று சொன்னேன். எதைப் போட்டு எடுத்தேன், எத்தனை தடவை கழுவினேன் என்பதையும் சொன்னேன், குழந்தை தவழும் இடமாயிற்றே. அவள் மண்டியிட்டு, விரலால் இழையைத் தடவிப் பார்த்துவிட்டு, வினிகர் அளவைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அவர்கள்தான் வாங்கினார்கள். இங்கே விலை பேசி முடித்தாலும் ஒப்பந்தம் கைமாறும்வரை யாரும் பின்வாங்கலாம். அந்தப் பதினொரு வாரமும் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

சாவி கொடுத்த அன்று மாலை நைனாவுக்குச் சொன்னேன்.

“விலையெல்லாம் இருக்கட்டும். வந்தவங்க தண்ணி குடிச்சிப் பாத்தாங்களா?”

“குழாயத் திறந்து எவ்ளோ வேகமா வருதுன்னு பாத்தாங்க நைனா.”

“குடிக்கலையா?”

“இல்ல.”

கைப்பேசியில் அவர் முகம் கொஞ்சம் அசையாமல் நின்றது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “குழாய மூடிட்டுப் போனாங்களா?” என்று கேட்டார்.