வாதாபியிலிருந்து ஊர் திரும்பியவர்

சுவாமிமலையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் முதலில் நடராஜர்தான் எதிர்ப்படுவார். 2023-இல் டெல்லி பாரத் மண்டபத்துக்கு 27 அடி உயரத்தில் ஒருவர் போனபிறகு அவருக்கு மவுசு இன்னும் கூடியிருக்கிறது. நான் போன பட்டறையில் கண்ணை இழுத்தது வேறு. மெழுகில் ஒன்றரை அடிக்குக் கைகூப்பிய ஓர் அடியார். பக்கத்தில் அவர் இடுப்புக்குக்கூட எட்டாத ஒரு சிறுவன்.

“சிறுத்தொண்டரும் சீராளனும். ஒரு கோயிலுக்கு அறுபத்துமூவர் செட்டு போகுது” என்றார் ஸ்தபதி.

மெழுகு என்றால் வெறும் தேன்மெழுகு அல்ல. குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. விரல் சொன்னபடி வளையும். அளக்க அடிக்கோலும் இல்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 பாகம். அடியாருக்கு அதில் குறையும்.

உருவம் முடிந்ததும் காவிரி வண்டலை நைசாக அரைத்து முதல் பூச்சு. தாராசுரம் கோயில் வேலைக்கு வந்தவர்களின் வழி நாங்கள் என்று ஸ்தபதிகள் சொல்வதுண்டு. அவர்களை இங்கேயே தங்கவைத்தது இந்த மண்தான் என்று நினைக்கிறேன். மெழுகில் ஒரு நகக்கீறல் இருந்தாலும் வண்டல் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும் கனமாக ஏறும். கம்பி கட்டிக் காயவைத்து வரட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும் சேர்ந்த குழம்பு இறங்கும். வெள்ளியும் தங்கமும் சாத்திரத்துக்குத் துளி. ஆறியபின் மண்ணை உடைத்தால் ஒரே ஒரு சிலை. அந்த அச்சு அதோடு சரி.

உடைத்தெடுத்த சிலை சொரசொரவென்று இருக்கும். உளியும் அரமும் போட்டு அதை வழிக்குக் கொண்டுவரவேண்டும். அங்கே அரம் போட்டுக்கொண்டிருந்தவரைப் பட்டறையில் எல்லாரும் ‘ஹவில்தார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கார்கில் சமயத்தில் எல்லையில் இருந்தவராம். பென்ஷன் வருகிறது, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்துவிடுகிறார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார் என்றார்கள்.

நான் சிறுத்தொண்டர் கதையைக் கிளறினேன். இயற்பெயர் பரஞ்சோதி. இதே டெல்டாவில் திருச்செங்காட்டங்குடிக்காரர். மருத்துவமும் படைக்கலமும் கற்றவர். மன்னனின் படையோடு வடக்கே போய் வாதாபியைத் தரைமட்டமாக்கித் திரும்பியவர். சேக்கிழார் மன்னன் பெயரைச் சொல்லவில்லை. அவன் நரசிம்மவர்ம பல்லவன், ஆண்டு 642 என்று பொருத்துவது வரலாற்றாசிரியர்கள். ஒரு சிவனடியாரைப் போய்ப் போருக்கு அனுப்பினோமே என்று மன்னன் வருந்தி, பொருள் குவித்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறான். மரியாதையான ஓய்வு. மனைவி திருவெண்காட்டு நங்கை, ஒரே பிள்ளை, தினமும் அடியாருக்குச் சோறு. அப்புறம் ஒருநாள் பைரவ வேடத்தில் வந்தவர் பிள்ளைக்கறி கேட்கிறார். தாய் பிடித்துக்கொள்கிறாள், தகப்பன் அரிகிறான். கடைசியில் கூப்பிட்டதும் பிள்ளை ஓடி வந்துவிடுகிறான் என்பது உண்மைதான். அதற்கு முந்தைய கணத்தைப் ‘பக்தியின் உச்சம்’ என்று சொல்லித் தாண்டிப்போகும் சொற்பொழிவுகள் எனக்கு ஒருநாளும் போதுமானதாக இருந்ததில்லை.

அரம் நின்றது. “அவரு சண்டையிலேருந்து வந்து எத்தனை வருஷங் கழிச்சு இது நடக்குது சார்?”

“பையனுக்கு அஞ்சு வயசு” என்றார் ஸ்தபதி.

“அப்ப ஆறேழு வருஷம்.” தானே கணக்குப் போட்டுக்கொண்டார். “இருக்கும். எனக்கும் அந்தக் கணக்குலதான் தூக்கம் போச்சு. வீட்டுல எங்கிட்டப் பேசவே பயந்தாங்க.”

இந்தக் கேள்வியை எந்த உரையாசிரியரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2008 முதல் அமெரிக்காவில் பிரையன் டோரிஸ் என்பவர் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் முன்னால் சோஃபக்ளிஸின் ‘அஜாக்ஸ்’ நாடகத்தை நடிகர்களைக் கொண்டு வாசிக்கவைக்கிறார். ட்ராய் போரின் மாவீரன் புத்தி பேதலித்து, எதிரிகள் என்று நினைத்துக் கால்நடைகளை வெட்டிச் சாய்க்கிற கதை. எழுதிய சோஃபக்ளிஸே ஏதென்ஸின் தளபதியாக இருந்தவர். வாசிப்பு முடிந்ததும் நாடகத்தைவிட நீளமாகப் பார்வையாளர்கள் பேசுகிறார்கள். அதுவரை வாயைத் திறக்காத மனைவிமார்கள்கூட.

நமக்கு அஜாக்ஸை இரவல் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. திருவாரூர்ப் பக்கம் நாட்டியத்தான்குடி கோட்புலியார் சோழர் சேனாபதி. இறைவனுக்கென்று நெல் சேர்த்துவைத்துவிட்டுப் போர்முனைக்குப் போகிறார். பஞ்சத்தில் உறவினர்கள் அதை எடுத்துத் தின்கிறார்கள். திரும்பி வந்தவர் அத்தனை பேரையும் வெட்டுகிறார், கைக்குழந்தை உட்பட. நெல் விளையும் ஊரில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும். இவரையும் ஒதுக்காமல் அறுபத்துமூவர் வரிசையில் நிறுத்தி, மாலை போட்டு வீதியுலா விட்டிருக்கிறோம். ராஜராஜன் காலத்திலேயே தஞ்சைப் பெரிய கோயிலில் சிறுத்தொண்டருக்கும் நங்கைக்கும் சீராளனுக்கும் செப்புத் திருமேனி எடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. எடுத்தவர் கோயில் நிர்வாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியன். போரில் செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடுவதும் அன்றைய வழக்கம்.

நிலத்தின் இடத்தில் இன்று பென்ஷன் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள், உண்டியலில் நாமும் ஏதோ போடுகிறோம். கதைதான் கைவிட்டுப் போயிற்று. கோட்புலியார் சரித்திரத்தைக் கூத்தாகக் கட்டி அந்த அலுவலக வாசலில் ஒரு மாலை ஆடினால் என்ன? கொடிநாள் மேடைப் பேச்சுகளைவிட அது உதவும் என்று நம்புகிறேன்.

ஸ்தபதி இதற்கெல்லாம் பிடிகொடுக்கவில்லை. அடுத்த மெழுகைக் கையில் எடுத்திருந்தார்: ஏனாதிநாதர், கும்பகோணம் பக்கத்து எயினனூரில் வாள்வித்தை கற்றுக்கொடுத்தவர். கூப்பிய கைக்கிடையே வாளைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஹவில்தார் எழுந்து வந்து பார்த்தார்.

“கும்பிடற கையில வாள் எப்படிங்க நிக்கும்? கீழ வச்சுட்டுக் கும்பிடச் சொல்லுங்க.”

“வாள் இல்லாட்டி இவரு யாருன்னு எப்படித் தெரியும்?”

“அப்ப இவரு ரிட்டையரே ஆக முடியாதா?”

“ஆர்டர் குடுத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க ஹவில்தார்” என்றார் ஸ்தபதி.