வழிவிடும் பாலம்

சுருளிப்பட்டியை ஒட்டிப் பாயும் முல்லைப் பெரியாற்றின்மேல் அமையும் பாலம், அசையாமல் நின்றாலே தன் கடமையை நிறைவேற்றிவிடும். அதன் அடியில் கப்பல் எதுவும் வருவதில்லை. திராட்சைத் தோட்டங்களுக்குச் செல்வோர் மேலே நடக்க, ஆறு கீழே ஓடுகிறது. அந்நீர் வைகையோடு கலந்து, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் சீமையை நாடிச் செல்கிறது. அச்சீமையின் கிழக்கு எல்லையில், பெருநிலத்தையும் இராமேசுவரம் தீவையும் பிரிக்கிறது பாம்பன் கால்வாய். அங்கே பாலத்தின் கடமை வேறு. தீவுக்குச் செல்லும் தொடர்வண்டிக்கும் கால்வாயைக் கடக்கும் கலங்களுக்கும் ஒரே இடத்தில் வழி வேண்டும்.

பாலத்தை உயரமாகக் கட்டினால் இச்சிக்கல் தீராதா? 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப்பாலம் அவ்வாறு உயர்ந்து நிற்பதே. ஆனால், தொடர்வண்டியால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற இயலாது. நடந்து செல்வோரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கப்பலின் உயரத்துக்குப் படிகள் அமைத்தால் முதியோரும், சுமை தூக்குவோரும், சக்கர நாற்காலியில் வருவோரும் கரையிலேயே நின்றுவிடுவர். தாழ்ந்திருக்கவும் வேண்டும், தடையாகாதிருக்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளின் நடுவே பிறந்ததே நகரும் பாலம்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதன் நடுப்பகுதியில், அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் வகுத்த முறைப்படி, இரண்டு இரும்புச் சிறகுகள் அமைந்தன. ஒவ்வொன்றும் நானூறு டன்னுக்கு மேற்பட்ட எடை உடையது. எனினும், தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றியே அவற்றைத் திறந்தனர்.

வியப்பூட்டும் இச்செயலின் விடை நம் கிணற்றடியிலேயே உண்டு. ஏற்ற மரத்தின் ஒரு முனையில் கட்டிய கல், மறுமுனையில் எழும் நீர்ச்சாலின் சுமையைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதுபோலவே சிறகின் பின்புறத்தில் எதிர் எடை பொருத்தப்பட்டது. இரு பக்க எடைகளும் சமநிலையில் நின்றதால், உராய்வையும் காற்றையும் வெல்லும் அளவுக்கு விசை இருந்தால் போதுமானது. வளைந்த அடிப்பாகம் தண்டவாளத்தின்மேல் தொட்டில்போல் உருள, சிறகு மேலெழுந்தது.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணியரோடு வந்த தொடர்வண்டியொன்று கடலுக்கு இரையாயிற்று. பாலமும் பெருஞ்சேதமுற்றது. இளம்பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் தலைமையில் 46 நாள்களில் அது சீரமைக்கப்பட்டது. தீவு மக்களுக்குப் பாலம் வெறும் இரும்பன்று, உயிர்நாடி என்பதை அந்நாள்கள் உணர்த்தின. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி சிறகுபோல் விரியாமல், கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரம்வரை எழுகிறது. இதை இயக்குவது மின்விசை. எனினும், எதிர் எடை என்னும் அடிப்படை மாறவில்லை.

நடப்போருக்கென்றே அமைந்த நகரும் பாலத்திலும் அதே நெறியைக் காணலாம். இங்கிலாந்தின் டைன் ஆற்றில் 2001இல் திறக்கப்பட்ட கேட்ஸ்ஹெட் மில்லினியம் பாலம், வளைந்த நடைபாதையையும் அதைத் தாங்கும் வில்வளைவையும் கொண்டது. கப்பல் வரும்போது இரண்டும் ஒருசேரச் சாய்கின்றன. வில் தாழ, நடைபாதை உயர்கிறது. மூடி மெல்லத் திறக்கும் கண்ணிமையை அக்காட்சி ஒத்திருக்கிறது. ஆனால், அதற்கு முன்பாக வாயில்கள் மூடப்பட வேண்டும். பாலத்தில் ஒருவரும் இல்லை என்பது உறுதியாக வேண்டும். நகரும் பாலத்தில் பூட்டும் தடுப்பும் எச்சரிக்கை ஒலியும் எடையைத் தாங்கும் தூண்களுக்கு நிகரானவை.

அசையாத பாலம் இரு கரைகளை இணைக்கிறது. நகரும் பாலமோ குறுக்கிடும் இரு வழிகளையும் இணங்கச் செய்கிறது. கப்பலுக்காக மனிதர் சற்று நிற்கின்றனர். மனிதருக்காகக் கப்பலும் காத்திருக்கிறது. இருவரில் எவரும் வழியை இழப்பதில்லை. பெருஞ்சுமையைச் சமநிலையால் வெல்லலாம் என்பது பொறியியல் கூறும் உண்மை. விலகி வழிவிடுவதும் வலிமையே என்பது அப்பாலம் மௌனமாகச் சொல்லும் உண்மை.