மரத்தின் மேல் ஒரு மாளிகை

மரத்தின் மேல் குடில் கட்டி, அதில் ஓரிரவு தங்குவதற்குப் பணம் கொடுக்கும் மனிதர்களும் உலகில் உண்டு என்று முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சவ்வாது மலையடிவாரத்தில் பிறந்தவன் நான். மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறாமல் காக்க, வேப்பமரத்தில் பரண் கட்டித் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த இரவுகள் எனக்குண்டு. அதற்குக் கூலி கேட்டால் அப்பா முறைப்பார்! தினைப்புனத்துப் பரணில் அமர்ந்து கிளியோட்டும் குறிஞ்சிப் பெண்ணைப் பற்றி ஆசிரியர் உருகி உருகி நடத்தும்போது, வகுப்பில் எனக்கு மட்டும் முதுகு வலிக்கும்.

மரவிடுதிகள் இன்று பல நாடுகளில் உள்ளன. சுவீடன் நாட்டு ஹாரட்ஸ் என்னும் சிற்றூரில் 2010இல் திறக்கப்பட்ட விடுதியின் ஓர் அறை, மரத்தைத் தழுவி நிற்கும் நான்கு மீட்டர்க் கண்ணாடிப் பெட்டியாம். காடே அதில் முகம் பார்க்கும்! இருப்பினும் என் சிரிப்பை அடக்கியது கென்யா நாட்டு விடுதி ஒன்றுதான்.

குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யா சென்று நியேரி என்னும் ஊரில் குடியேறினார். அவருடைய கடைசி நூலின் பெயர் 'ட்ரீ டாப்ஸ்'. நியேரிக்கு அருகே, அபர்டேர் காட்டில் இருந்த மரவிடுதியின் பெயரே அது. 1932இல் ஷெர்புரூக் வாக்கர் என்ற ஆங்கிலேயர் பெரியதோர் அத்திமரத்தின் மேல் அதை அமைத்தார். கீழே நீர்நிலை. யானையும் காண்டாமிருகமும் உப்பு நக்க வரும். விருந்தினர் மேலிருந்து மூச்சடக்கிப் பார்ப்பர்.

1952 பிப்ரவரி 5ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் தம் கணவருடன் அந்த மரத்தில் ஏறினார். ஏணியின் உச்சியில் துப்பாக்கியுடன் இரவெல்லாம் காவலிருந்தவர் 76 வயதுக் கார்பெட். அவ்விரவில் இங்கிலாந்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. ஆனால் இறங்கியபோது அவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னர் சகானா மாளிகையில்தான் செய்தி எட்டிற்று.

இந்த அழகிய கதையில் அந்நாட்டு மக்கள் எங்கே? அப்பகுதியின் கிக்குயூ மக்கள் அத்தி இனத்து மரத்தை 'முகுமோ' என்றழைத்துத் தெய்வமரமாகப் போற்றுபவர்கள். நம்மூர் அரசமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நியேரிப் பகுதியில் 1940இல் பிறந்து, மரம் நடும் இயக்கம் கண்டு, 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வாங்காரி மாத்தாய் தம் இளமையை எழுதியிருக்கிறார். விறகு பொறுக்கப் போகும் மகளிடம், அத்திமரத்துச் சுள்ளியைத் தொடாதே, அது கடவுளின் மரம் என்பாராம் தாய். வளர்ந்து திரும்பி வந்து பார்த்தபோது மரமும் இல்லை. அதனருகே ஊறிய நீரோடையும் இல்லை.

கிக்குயூ மக்களின் வளமான நிலங்களோ வெள்ளையர் குடியேற்றத்துக்குப் பறிபோயிருந்தன. 1952 அக்டோபரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மாவ் மாவ் போராளிகள் அபர்டேர் காட்டுக்குள் புகுந்தனர். 1954இல் அந்த விடுதிக்குத் தீ வைத்தனர். கருகிய அடிமரமே மிஞ்சிற்று.

தீ வைத்தவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. எரிந்தது அத்திமரமும் அல்லவா! ஆயினும் பரணில் கிடந்தவன் என்ற முறையில் ஒன்று எனக்குப் புரிகிறது. நாங்கள் ஏறியது எங்கள் கொல்லையைக் காக்க. கொல்லையையே பறிகொடுத்தவன், மரத்தின் மேல் விளக்கேற்றி விருந்துண்ணும் அந்நியரை அண்ணாந்து பார்க்கும்போது அவன் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

1957இல் அருகிலேயே, முன்னதைவிடப் பெரிதாக, தூண்களின் மேல் விடுதி மீண்டும் எழுந்தது. 1983இல் எலிசபெத் அரசி அங்கே மறுபடி வந்தார். அவர் முன்பு ஏறிய மரம்தான் இல்லை.